இடுப்புக் கிண்ணம் உடைந்தால்: சி.டி. இருக்க ஜூடே படம் எதற்கு?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

எலும்பியல் மேற்படிப்பு, முதலாண்டு. எங்கள் யூனிட்டில் இடுப்புக் கிண்ணம் உடைந்து யார் வந்தாலும் முதலில் நேர் எக்ஸ்ரே, அப்புறம் இரண்டு ஜூடே படம், அதற்கும் அப்புறம் சி.டி. ஸ்கேன். சி.டி.யில்தான் எல்லாம் தெரிகிறதே! நடுவில் அந்த இரண்டு படத்துக்காக ஆளைப் புரட்டி அலற வைப்பது வெறும் பழக்கதோஷம் என்பது என் கட்சி. எக்ஸ்ரே அறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

எக்ஸ்ரே அறை ஆள் நான். அரசு மருத்துவமனை கேஷுவல்டியில் பல வருடம், இப்போது ஸ்கேன் சென்டரில். உங்கள் கட்சியில் பாதிக்குக் கை தூக்குகிறேன், மீதிப் பாதிக்குச் சண்டை போடுவேன்.

முதலில் கை தூக்கும் பாதி. ஜூடே படம் என்றால் ஆளை 45 டிகிரி சாய்த்து எடுப்பது. ஒரு படத்துக்கு உடைந்த பக்கத்தை மேலே தூக்க வேண்டும். இன்னொரு படத்துக்கு நல்ல பக்கத்தைத் தூக்க வேண்டும், அதாவது உடைந்த இடுப்பின் மேல் அவர் பாரம் இறங்கும். புத்தகத்தில் இது இரண்டு வரி. அறையில் நடப்பது வேறு. ரெக்சின் உறை போட்ட ஆப்பை முதுகுக்குக் கீழே நுழைக்கும்போதே அவர் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அட்டெண்டர் இடுப்பைத் தாங்கிப் பிடிப்பார், கூட வந்த மச்சான் தோளைப் பிடிப்பார், நான் ஓடிப்போய் பட்டனை அழுத்துவதற்குள் ஆள் ஆப்பிலிருந்து மெல்லச் சறுக்கியிருப்பார். 45 கேட்ட இடத்தில் 30 கிடைக்கும். 30 டிகிரிப் படம் நேர்ப் படமும் இல்லை, சாய்வுப் படமும் இல்லை. யாருக்கும் உதவாது. திருப்பி எடு என்று குறிப்பு வரும்.

வலி மருந்து போடாமல் கேஷுவல்டியில் இதைச் செய்யச் சொல்கிறவர் ஒரு தடவை வந்து ஆப்பைப் பிடித்துப் பார்க்கட்டும்.

மீதிப் பாதி நாளைக்கு. நைட் டூட்டி.

பிப்ரவரி 4

கேள்வியைப் படித்த வேறு சிலர் ‘கிண்ணம்’ என்றால் எது, ‘ஜூடே’ யார் என்று கேட்டிருக்கிறார்கள். டாக்டர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

தொடையெலும்பின் உருண்டைத் தலை வந்து உட்காரும் குழிதான் கிண்ணம். டாக்டர்கள் அசிட்டாபுலம் என்பார்கள். மேலே இலியம், பின்னால் கீழே இஸ்கியம், முன்னால் பியூபிஸ் என மூன்று எலும்புகள் கூடி இதை உண்டாக்குகின்றன. பொதுவாக ‘இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு’ என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் கழுத்து முறிவு. அது வேறு. இங்கே பேசுவது பந்தைப் பற்றியில்லை, பந்து உட்காரும் குழியைப் பற்றி.

பாரீஸில் ரோபேர் ஜூடே, ழான் ஜூடே என்று இரு சகோதரர்கள், கூடவே எமில் லெத்தூர்னெல். மூவரும் 1964இல் இந்த முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்து எழுதினார்கள். ஐந்து எளியவை, ஐந்து கலப்பு. அறுபது வருடம் ஆகியும் உலகம் முழுக்க அந்தப் பத்துதான் பேச்சு. கவட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்கும்? இரண்டு கையும் கீழே விரிந்து, பிடி மேலே போகும். அந்த இரண்டு கைகளும் முன் தூண், பின் தூண். கிண்ணம் இரண்டுக்கும் நடுவில் பதிந்திருக்கிறது. பிடி மேலே இலியம் வழியாக முதுகெலும்புப் பக்கம் போகிறது. தூண்களிலிருந்து கிண்ணத்தின் விளிம்பாக நீட்டிக்கொண்டிருப்பவை முன் சுவர், பின் சுவர். இந்த நான்கு பெயரும் மனதில் இருந்தால் போதும், கீழே வருவதெல்லாம் புரியும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். சி.டி. ஸ்கேனர் முதன்முதலில் ஒரு நோயாளியைப் பார்த்ததே 1971இல், லண்டன் விம்பிள்டன் பக்கம், அதுவும் மூளையை. ஆக, பத்து வகையையும் இவர்கள் பிரித்தது வெறும் எக்ஸ்ரேயையும் ஆபரேஷன் மேசையையும் வைத்து. நேர் படம் ஒன்று, சாய்வுப் படம் இரண்டு.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

நேர் படத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? சண்டை முழுக்க ஜூடே, சி.டி. என்றே ஓடுகிறது.

நேர் படத்தில் ஆறு கோடு இருக்கிறது. இலியோ-பெக்டினியல் கோடு முன் தூணுக்கு. இலியோ-இஸ்கியல் கோடு பின் தூணுக்கு. கிண்ணத்தின் கூரை. முன் விளிம்பு. பின் விளிம்பு. அப்புறம் உள்பக்கமாக ஒரு டியர்டிராப், கண்ணீர்த்துளி வடிவக் கோடு. எங்கள் பழைய பேராசிரியர் ஒருவர் படத்தை லைட் பாக்ஸில் செருகிவிட்டு, பேனாவின் மூடியால் நல்ல பக்கத்துக் கோட்டை முதலில் மேலிருந்து கீழே வரைந்து காட்டுவார், அப்புறம்தான் உடைந்த பக்கத்துக்கு வருவார். கை எங்கே தடுக்குகிறதோ அங்கே முறிவு. முன் கோடு மட்டும் தடுக்கினால் முன் தூண் பக்கம் சந்தேகம், பின் கோடு மட்டும் என்றால் பின் தூண் பக்கம், இரண்டுமே என்றால் குறுக்கே ஓடிய முறிவு அல்லது இரண்டு தூணும் போன முறிவு. பின் விளிம்பு மட்டும் பிசிறடித்தால் பின் சுவர்.

இப்போது மானிட்டரில் பார்க்கிறோம், மவுஸ் பிடித்த கை கோட்டின் மேல் ஓடுவதில்லை. அதுதான் எனக்குக் குறை.

பிப்ரவரி 6

ஒரு நண்பர், “அப்டுரேட்டர் சாய்வில் பின் தூண் தெரியும்” என்று பதில் போட்டிருக்கிறார். இல்லை. மாற்றிச் சொல்லிவிட்டார். பலருக்கும் இது குழம்புகிறது, அதனால் நேராக எழுதிவிடுகிறேன்.

உடைந்த பக்கத்தைத் தூக்கி எடுப்பது அப்டுரேட்டர் சாய்வு. கிண்ணத்துக்குக் கீழே இடுப்பெலும்பில் இருக்கும் அப்டுரேட்டர் ஓட்டை அகலமாகத் திறந்து தெரியும். அதில் முன் தூணும் பின் சுவரும் நன்றாக விழும். நல்ல பக்கத்தைத் தூக்கி எடுப்பது இலியக் சாய்வு. இடுப்பெலும்பின் அகன்ற இறக்கை முழுசாக விரிந்து தெரியும். அதில் பின் தூணும் முன் சுவரும்.

ஓட்டை தெரிந்தால் முன் தூண், பின் சுவர். இறக்கை தெரிந்தால் பின் தூண், முன் சுவர். நான் இப்படித்தான் மனப்பாடம் வைத்திருக்கிறேன். எதுகை மோனை எதிர்பார்க்காதீர்கள்.

பிப்ரவரி 6, மாலை

சி.டி. பக்கம் வருவோம். கேள்வி கேட்ட தம்பி ‘எல்லாமே தெரிகிறது’ என்கிறார். தெரிகிறது, சரி. பார்க்கிறோமா?

ரிப்போர்ட்களை எடுத்துப் பாருங்கள். ‘கிண்ணத்தில் பல துண்டு முறிவு, இடது பக்கம்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அது யாருக்கு உதவும்? எந்தப் பக்கம் கத்தி வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அது பத்து வகையில் எது என்று தெரிய வேண்டும். பின்னாலிருந்து போவதா, அடிவயிற்றுப் பக்கம் முன்னாலிருந்து போவதா என்பது அதில்தான் இருக்கிறது.

குறுக்கு வெட்டு ஸ்லைஸ்களில் ஒரு சுலபமான வழி உண்டு. கூரை மட்டத்தில் நிறுத்துங்கள். முறிவுக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். திரையில் இடமிருந்து வலமாக ஓடி எலும்பை முன் பாதி, பின் பாதி என்று பிரித்தால் தூண் முறிவு. முன்னிருந்து பின்னாக, அதாவது திரையில் மேலிருந்து கீழாக ஓடி உள் பாதி, வெளிப் பாதி என்று பிரித்தால் அது டிரான்ஸ்வெர்ஸ், அதாவது குறுக்கு முறிவு. மூலைவாட்டில் விளிம்பை மட்டும் சீவியிருந்தால் சுவர். பெயர் டிரான்ஸ்வெர்ஸ், திரையில் நிற்பதோ செங்குத்தாக. முதல் வருடம் எல்லோரும் இதில் தலையைச் சொறிவார்கள். முறிவு எலும்பை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்தாலும் அதன் தளம் முழுக்கக் கிடைமட்டம் இல்லை, சாய்ந்திருக்கும், எனவே நம் கிடைமட்ட வெட்டில் அது முன்னும் பின்னுமாக ஓடும் கோடாகத் தெரியும்.

அப்புறம் கீழே இறங்கிப் போய் அந்த அப்டுரேட்டர் வளையம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளையம் முழுசாக இருந்தால் வெறும் டிரான்ஸ்வெர்ஸ். கூடவே கீழ்நோக்கி ஒரு கோடு இறங்கி வளையத்தையும் பிளந்திருந்தால் டி வடிவ முறிவு. இரண்டு தூணும் உடைந்து, கிண்ணத்தின் ஒரு துண்டுகூட மேல் இலியத்தோடு ஒட்டாமல் தனியாகிவிட்டால் அதுதான் இரு தூண் முறிவு. அங்கே அசையாமல் மிஞ்சிய இலியத்தின் கீழ்முனை கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பர் என்பார்கள். அது தெரிந்துவிட்டால் வேறு யோசனையே வேண்டாம், இரு தூண்தான். தம்பிக்கு ஒரு சின்னத் தகவல்: அந்த ஸ்பர் மிக அழகாகத் தெரிவது நீங்கள் வேண்டாம் என்கிற அப்டுரேட்டர் சாய்வில். சி.டி.யிலும் தெரியும், மறுக்கவில்லை.

பிப்ரவரி 7

இடது வலது எழுத்தைப் படத்தில் போடாமல் அனுப்பும் புண்ணியவான்களுக்கு: சாய்வுப் படத்தில் எந்தப் பக்கம் எது என்று கண்டுபிடிக்க ஜோசியர்தான் வர வேண்டும். ஈய எழுத்து விலை ரொம்ப இல்லை.

பிப்ரவரி 9

கார் விபத்து பற்றிக் கேட்ட அம்மாவுக்கு. உங்கள் தம்பி முன் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், முட்டி டாஷ்போர்டில் இடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டியில் பட்ட அடி தொடையெலும்பு வழியாக அப்படியே பின்னால் போய், பந்து கிண்ணத்தின் பின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நழுவும். இந்த முறிவின் மிகப் பழகிய வடிவம் அதுதான். அவர்கள் படுத்திருக்கும் விதமே சொல்லிவிடும். கால் குட்டையாகி, மடங்கி, உள்பக்கம் திரும்பி, மற்றக் காலின் மேல் சாய்ந்திருக்கும். நேராக நீட்டச் சொன்னால் நீட்ட முடியாது.

நேர் படத்தில் பந்து மேலே ஏறி, நல்ல பக்கத்தைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரியும், ஏனென்றால் அது பின்னால் போய் ஃபிலிமுக்குக் கிட்டே வந்துவிட்டது. தொடையெலும்பின் உள்பக்கம் இருக்கும் சின்ன முண்டு, லெஸ்ஸர் டிரோகேன்டர், காணாமல் போயிருக்கும், கால் உள்ளே திரும்பியதால். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டாக்டர் வரும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்க மாட்டோம், ஆனால் படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஏனென்றால் இதில் நேரம் முக்கியம். 6 மணி நேரத்துக்குள் பந்தை உள்ளே போட்டுவிட வேண்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படுவது. தாமதமானால் பந்துக்கு ரத்த ஓட்டம் கெட்டு, நாளடைவில் எலும்பு செத்துப்போகும் ஆபத்து கூடுகிறது. பின்னால் ஓடும் சியாட்டிக் நரம்பும் நசுங்கலாம். பாதத்தை மேலே தூக்க வருகிறதா என்று டாக்டர் கேட்பது அதற்குத்தான்.

இழுத்துப் போடுவதற்கு முன் நேர் படத்தில் தொடையெலும்புக் கழுத்தையும் பார்த்தே ஆக வேண்டும். கழுத்தில் ஒரு மயிரிழை முறிவு இருந்து, அதைப் பார்க்காமல் இழுத்தால் பந்து கிண்ணத்துக்கு வராது, தனியாகக் கழன்றுவிடும்.

உள்ளே போட்ட பிறகு ஒரு சி.டி. கட்டாயம். இங்கே எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பந்து உள்ளே போனதுபோல் நேர் படம் காட்டும், ஆனால் இடைவெளி நல்ல பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கும். ஏன்? நடுவில் ஒரு சில்லு மாட்டியிருக்கும். கல் விழுந்த அரவைதான் அப்புறம் அந்த மூட்டில். சி.டி.யில் அது பளிச்சென்று தெரியும். கிண்ணத்தின் அடிக்குழியில் சும்மா கிடக்கும் சில்லு பல நேரம் தொந்தரவு செய்யாது, பந்துக்கும் கூரைக்கும் நடுவில் இருப்பதை எடுத்தாக வேண்டும். அப்புறம் விளிம்பில் குருத்தெலும்போடு சேர்ந்த துண்டு திரும்பி உள்ளே அழுந்தியிருந்தால் எக்ஸ்ரேயில் அதைப் பார்ப்பது மிகக் கடினம். பின் சுவரில் எவ்வளவு போயிருக்கிறது என்பதும் சி.டி.யில்தான் அளக்க முடியும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் மூட்டு பெரும்பாலும் நிற்கும், பாதியை எட்டினால் நிற்காது. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் இருப்பதை மயக்கம் கொடுத்து, சி-ஆர்மில் (தியேட்டரில் நகர்த்திப் பார்க்கும் நேரடி எக்ஸ்ரே கருவி) பார்த்துக்கொண்டே காலை மடக்கி அழுத்திச் சோதிப்பார்கள்.

பிப்ரவரி 9, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்போ நீங்களும் சி.டி. கட்சிதானே’ என்கிறார்கள். எல்லாக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12

பாட்டிமார் விஷயம் விட்டுப்போச்சு. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்ட இளைஞன் என்றால் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். குளியலறையில் வழுக்கி உட்கார்ந்த எழுபது வயது அம்மாவுக்கு யாரும் கிண்ணத்தை நினைப்பதில்லை. தொடையெலும்புக் கழுத்தைப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கும், ‘ஒண்ணும் இல்லம்மா, நடங்க’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த அம்மா எழுந்து ஒரு அடி வைத்ததும் முகம் சுருங்கும்.

எங்கள் வழக்கம் ஒன்று இருந்தது. எக்ஸ்ரே சுத்தம், ஆனால் காலை ஊன்ற முடியவில்லை என்றால், படத்தை மறுபடி எடுப்பதில்லை. அதே இடத்தை அதே கோணத்தில் திரும்ப எடுத்து என்ன வரப்போகிறது? எம்.ஆர்.ஐ. கேட்போம். எலும்பு சல்லடையாகிப்போன வயதில் நகராத முறிவு சி.டி.யில்கூட நழுவிவிடும். எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் கசிந்த நீரும் ரத்தமும் ஸ்டிர் என்ற வகைப் படத்தில் வெள்ளையாக எரியும், டி-1 என்ற வகையில் அதே இடத்தில் கறுப்புக் கோடு. முழு நெறிமுறையும் ஓட்ட வேண்டியதில்லை, உடலை முன் பாதி, பின் பாதி என்று பிரிக்கும் கரோனல் வெட்டில் இந்த இரண்டை மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் பதில் கிடைக்கும். வலியில் அசையும் பாட்டியை முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள் வைத்திருக்க முடியாது. பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள், மகனிடம் இல்லை, மருமகளிடம். அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. இந்த வயதில் பந்து பின்னால் போவதைவிட உள்பக்கம், மேல்பக்கம் குத்திக்கொண்டு போவது அதிகம். கூரையின் உள்மூலை நசுங்கி மடங்கி, நேர் படத்தில் பறக்கும் கடற்பறவையின் சிறகு மாதிரி இரட்டை வளைவாகத் தெரியும். ‘கல் சைன்’ (gull, கடற்பறவை) என்பது அதுதான். அதைப் பார்த்தால் பிளேட் போட்டுச் சீர்செய்தாலும் நிலைக்காது என்ற கவலை வரும், பலரும் மூட்டு மாற்றுவதைப் பற்றியும் அப்போதே யோசிப்பார்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இந்த ஒரு வார்த்தை இருந்தால் போதும், டாக்டருடைய கேள்வியே மாறிவிடும்.

முன்னால் பியூபிஸ் பக்கம் ஒரு கீறல் மட்டும் தெரிந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். இடுப்பு ஒரு வளையம். ஒரே இடத்தில் மட்டும் உடைவது அபூர்வம். பின்னால் சேக்ரத்தையும் (முதுகெலும்பின் அடிப்பகுதி), அந்தக் கீறல் கிண்ணத்துக்குள் ஏறுகிறதா என்பதையும் தேடுங்கள்.

பிப்ரவரி 13

“முப்பரிமாணப் படம் இருந்தால் இந்தக் கோடு, வகை எதுவும் தேவையில்லையே, அப்படியே தெரிகிறதே” என்று ஒரு கருத்து. வீட்டுக்காரர்களுக்குக் காட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. வண்ணத்தில் சுற்றிக் காட்டினால் ‘ஐயோ, இப்படியா உடைஞ்சிருக்கு’ என்று பணம் கட்டப் போய்விடுவார்கள்.

ஆனால் அது மேற்பூச்சு. கணினி வழவழப்பாக்கித்தான் காட்டும், நகராத மெல்லிய முறிவு அந்தப் பூச்சுக்குள் மறைந்துவிடும். மூட்டுக்குள் இருக்கும் சில்லு அதில் தெரியவே தெரியாது. தொடையெலும்பை நீக்கிவிட்டுக் கிண்ணத்தின் உள்பக்கத்தைக் காட்டும்படி செய்து தரச் சொல்லுங்கள், அப்போதுதான் உபயோகம். எங்களிடம் அது இரண்டு மூன்று நிமிட வேலைதான், ஆனால் கேட்டால்தான் செய்வோம். கேட்காமல் எவனும் செய்வதில்லை, நான் உட்பட, நெரிசலான நாளில்.

ஸ்லைஸ் தடிமன் 5 மில்லிமீட்டரில் எடுத்துவிட்டு அதிலிருந்து முப்பரிமாணம் செய்தால் படிக்கட்டு படிக்கட்டாக வரும். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழே வேண்டும்.

பிப்ரவரி 15

கதிர்வீச்சுப் பயம். ‘அத்தனை படமும் எடுத்தால் புற்றுநோய் வராதா’ என்று கேட்டவருக்கு. இடுப்பு நேர் எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.6 மில்லிசீவர்ட், இடுப்பு சி.டி.க்கு 6 அளவில் என்று வழக்கமாகச் சொல்வார்கள், கருவியைப் பொறுத்துக் கூடும் குறையும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருப்பவருக்கே உலக சராசரி வருடத்துக்கு 2.4 கிடைக்கிறது. கிண்ணம் உடைந்தவருக்கு இந்த சி.டி. எடுக்காமல் இருப்பதில் எந்த லாபமும் இல்லை. அடிபட்டவர் கருவுற்றிருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரும் கதிரியக்க நிபுணரும் உட்கார்ந்து பேசட்டும்.

தம்பிக்கு இதில் சாதகம் ஒன்றும் இல்லை, பாருங்கள். இரண்டு ஜூடே படத்தையும் நிறுத்தினால் மிச்சமாகும் கதிர்வீச்சு, சி.டி.யோடு பார்த்தால் கால்வாசிகூட வராது. நிறுத்த வேண்டிய காரணம் வலி, கதிர்வீச்சு இல்லை.

பிப்ரவரி 16

சரி, சண்டைக்கு வருகிறேன். இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டதற்குக் காரணம், ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் ஓட்டும் நண்பரிடம் பேசிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கேஷுவல்டியில் ஜூடே வேண்டாம். அதில் தம்பியோடு நிற்கிறேன். நேர் படம், நிலைமை சீரானதும் மெல்லிய ஸ்லைஸ் சி.டி., போதும். சாய்வுப் படம் வேண்டுமென்றால் அந்த சி.டி. தரவிலிருந்தே எக்ஸ்ரே மாதிரி ஊடுருவிய படத்தைச் செய்து, 45 டிகிரி இந்தப் பக்கம், 45 டிகிரி அந்தப் பக்கம் திருப்பி எடுத்துத் தருவோம். நோயாளி ஒரு அங்குலம் அசைய வேண்டாம். கோணமும் 30 ஆகிச் சறுக்காது.

ஆனால் ‘ஜூடே இனி எதற்கு’ என்றால், நீங்கள் கத்தி பிடிக்கப் போகிறவர் என்பதால்தான். தியேட்டரில் உங்களுக்கு சி.டி. பெரும்பாலும் இருக்காது. சி-ஆர்ம் இருக்கும். அது காட்டுவது எக்ஸ்ரே நிழல். மயக்கத்தில் கிடப்பவருக்கு வலி இல்லை, கருவியே சாய்ந்து அப்டுரேட்டர் சாய்வுக்கும் இலியக் சாய்வுக்கும் போகும். முன் தூணில் நீளமான திருகாணி ஒன்றைச் செலுத்தும்போது அது மூட்டுக்குள் எட்டிப்பார்க்கிறதா, எலும்பை விட்டு இடுப்புக்குள் வெளியேறுகிறதா என்பதை அந்த இரண்டு சாய்வை மாற்றி மாற்றித்தான் பார்ப்பார்கள். நண்பர் சொன்னது: “படத்தில் எது எந்தக் கோடு என்று தெரியாதவர் மேசையில் நின்றால், என்னை நாலு தடவை சுற்ற வைத்து, கடைசியில் நேர் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.” வார்டிலேயே ஒரு நூறு பேருக்குக் கோடு வரைந்து பழகாத கண், ரத்தத்துக்கும் அவசரத்துக்கும் நடுவில் திடீரென்று பழகிவிடாது.

ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித்தான். ஆறு வாரம், மூன்று மாதம் கழித்து வருபவருக்கு ஒவ்வொரு முறையும் சி.டி. எடுப்பதில்லை. பிளேட்டும் திருகாணியும் சி.டி.யில் கதிர் கதிராகச் சிதறல் வேறு போடும். அப்போது எடுப்பது இந்த மூன்று படம்தான், எலும்பு கூடிய பின் திரும்பிப் படுப்பதும் அவ்வளவு வலிக்காது.

பிப்ரவரி 16, இரவு

தம்பியின் பதில்: “கூரை வளைவுக் கோணத்துக்கும் ஜூடே வேண்டும் என்று சீனியர் சொல்கிறார்.” நல்ல சீனியர். பந்தின் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, முறிவு கூரையைத் தொடும் இடத்துக்கு இன்னொரு கோடு. இடையில் உள்ள கோணம் மூன்று படத்திலும் 45 டிகிரிக்கு மேல் இருந்தால் பாரம் தாங்கும் கூரை தப்பித்தது, ஆபரேஷன் இல்லாமலும் போகலாம் என்று அமெரிக்க எலும்பு அறுவை நிபுணர் மாட்டா வகுத்தார். 1993இல் ஓல்சனும் மாட்டாவும் அதையே சி.டி.க்கு மாற்றினார்கள்: கூரையின் உச்சியிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை முறிவு இல்லாமல் இருந்தால் ஏறக்குறைய அதே பொருள். எனவே அதற்காக ஆளைப் புரட்ட வேண்டாம். பின் சுவர் முறிவுக்கும் இரு தூண் முறிவுக்கும் இந்த அளவு பொருந்தாது, அதையும் சீனியர் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 19

பதினொரு வயது மகனுக்குக் கிண்ணத்தில் முறிவு என்று யாரோ சொல்லிவிட்டதாகப் பதறிய அப்பாவுக்கு. படத்தை நான் இங்கே பார்த்துச் சொல்ல மாட்டேன், அது என் வேலையும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். அந்த வயதில் மூன்று எலும்பும் இன்னும் ஒட்டியிருக்காது. நடுவில் குருத்தெலும்பு ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். 12லிருந்து 16 வயதுக்குள் மூடிக்கொள்ளும், பெண் பிள்ளைகளுக்குச் சற்று முந்தி. அதை முறிவென்று எண்ணுவது அடிக்கடி நடப்பதுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால் அலட்சியம் வேண்டாம். அந்த வளர்ச்சிக் கோட்டில் அடி விழுந்தால் பின்னால் கிண்ணம் ஆழமில்லாமல் வளரலாம், அதற்கு எம்.ஆர்.ஐ.யும் சில வருடக் கண்காணிப்பும் தேவைப்படும்.

பெரியவர்களிடமும் கிண்ணத்தின் மேல் விளிம்பில் பிறவியிலேயே ஒட்டாமல் போன சின்ன எலும்பு இருப்பதுண்டு. ஓரம் வழவழவென்று உருண்டிருக்கும். புது முறிவின் ஓரம் கூராக, ஒழுங்கில்லாமல் இருக்கும்.

பிப்ரவரி 21

வேறு ஊருக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கேட்டதற்கு: ஃபிலிம் தாளை மட்டும் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள். அதில் பொடிப் பொடியாகச் சில படங்களைத்தான் அச்சடித்துத் தருவோம். டிஸ்கிலோ பென்டிரைவிலோ 1 மில்லிமீட்டர் சீரிஸ் முழுவதையும் வாங்குங்கள், வாசலில் வைத்தே திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் எடுத்த நேர் எக்ஸ்ரேயையும் சேர்த்து எடுத்துப் போங்கள், குறிப்பாக மூட்டு விலகியிருந்தபோது எடுத்ததை. நாட்டுக்கட்டு போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். மூன்று வாரம் தாண்டினால் துண்டுகள் கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும், பிறகு சேர்ப்பது பெரும்பாடு.